கணப்புக்கு முன்னால் உள்ள தரை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் விறகுக் கணப்பு, அதாவது ஃபயர்பிளேஸ், வைத்திருப்பவர்களை நான் முதலில் கேட்பது இதுதான்: கணப்பின் வாய்க்கு முன்னால் கல்லோ செங்கல்லோ பதித்த தளம் எவ்வளவு தூரம் வருகிறது? பெரும்பாலானவர்கள் அளந்து பார்த்ததே இல்லை.

அந்தத் தளம் அழகுக்குப் போட்டதல்ல. ஈரவிறகு வெடித்தால் கங்கு எகிறி வெளியே விழும். கட்டை சரிந்தால் உருண்டே வரும். அது மரத்தரையிலோ கம்பளத்திலோ போய் விழக்கூடாது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதியைப் பார்ப்போம். கணப்பு வாயின் பரப்பு 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால், தளம் முன்னால் 16 அங்குலமும் இரு பக்கமும் 8 அங்குலமும் நீண்டிருக்க வேண்டும். 6 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால் முன்னால் 20, பக்கத்துக்கு 12. உங்கள் கணப்பு வாய் 3 அடி அகலம், 2 அடி 4 அங்குல உயரம் என்று வையுங்கள். பெருக்கினால் 7 சதுர அடி. அப்படியானால் தளத்தின் அகலம் மட்டும் 5 அடி வேண்டும். பிரிட்டனில் கணக்கு வேறு: இங்கிலாந்து விதிப்படி முன்னால் 500 மில்லிமீட்டர், பக்கங்களில் 150. ஆகவே வேலையைத் தொடங்குமுன் உங்கள் ஊர் கட்டட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சரி, தளம் குறைகிறது, நீட்ட வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். மரத்தரையை அப்படியே விட்டு, அதன்மேல் பசை தடவி டைல்ஸ் ஒட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி ஒட்டிய ஒரு தளத்தைப் பெயர்த்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். மேலே டைல்ஸ் பளபளவென்று இருந்தது, அடியில் பிளைவுட் கரிந்து கறுத்திருந்தது. டைல்ஸ் எரியாதுதான், ஆனால் சூட்டைத் தடுத்து நிறுத்தாது, கீழே கடத்திவிடும். மரம் தீப்பிடிக்கச் சாதாரணமாக 250 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் வெந்து உலர்ந்து கரியாகிக்கொண்டே வரும் மரம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அதனால் நீளத்தோடு கனத்தையும் பாருங்கள். நான் சொன்ன அமெரிக்க விதியில் நீட்டிய பகுதி குறைந்தது 2 அங்குலக் கனம், எரியாத பொருளில். எரியும் குழியின் அடிப்பகுதி இந்தத் தளத்தைவிட 8 அங்குலமாவது உயர்ந்திருந்தால் மட்டும் மெல்லிய கல்லோ டைல்ஸோ போதும். மற்றபடி மரத்தரையை வெட்டி எடுத்துவிட்டு முறையாகக் கட்டுவதுதான் சரி. உத்தரத்தில் கை வைக்க வேண்டியிருந்தால், விவரம் தெரிந்த பொறியாளரைக் கேட்காமல் கொத்தனாரை வெட்டச் சொல்லாதீர்கள்.

வெட்டித் திறக்கும்போது பழைய தளத்தின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காங்கிரீட் போட்டபோது முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகையைச் சில பழைய வீடுகளில் எடுக்காமலே விட்டிருப்பார்கள். அது தீக்கு நேர் கீழே காய்ந்துகொண்டு கிடக்கும் விறகு. எடுத்துவிட வேண்டும்.

பழைய தளமும் புதுத் தளமும் சேரும் இடுக்கையும் விடாதீர்கள். ஒரு சின்னக் கங்கு அதற்குள் இறங்கினால் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். சாந்து வைத்து நன்றாக அடைத்துவிடுங்கள்.

குழிக்குள் இரும்பு அடுப்பு பொருத்தியிருந்தால், அது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது சுவரிலிருந்து அளந்தால் தப்பு. அடுப்பின் கதவிலிருந்து அளக்க வேண்டும். தளத்துக்கு எவ்வளவு வெப்பத்தடை வேண்டும் என்பது அந்த அடுப்பின் கையேட்டிலேயே இருக்கும்.

அப்புறம், வேலை முடிந்த அன்றே தீ மூட்ட ஆசைப்படாதீர்கள். சாந்துக்குள் ஈரம் இருக்கும்போது சூடேற்றினால் விரிசல் விடும். கொத்தனார் சொல்லும் நாள்வரை காயவிட்டு, முதல் சில நாள் சின்னத் தீயாகவே வையுங்கள். வணக்கம்.