1918 காய்ச்சலும் விதைக்கப்படாத வயல்களும்

[திரையில்: பம்பாய்த் துறைமுகத்தின் பழைய நிழற்படம்]

1918ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பம்பாயில் காவலர்கள் ஏழு பேர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் துறைமுகப் பணியில் இருந்தவரும் உண்டு. முதல் உலகப்போரில் ஈடுபட்டிருந்த படைவீரர்களை ஏற்றிய கப்பல்கள் வந்துபோய்க்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்திலிருந்து ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பரவிய அந்த இன்ஃபுளுயன்சா காய்ச்சல், படைவீரர்களோடும் பயணிகளோடும் ரயிலேறி உள்நாட்டுக்குச் சென்றது. ஜூன், ஜூலை மாதங்களின் முதல் அலையில் உயிரிழப்பு குறைவு. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலைதான் இந்தியத் துணைக்கண்டத்தில் 1.2 கோடி முதல் 2 கோடி வரையிலான உயிர்களைப் பறித்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஏறக்குறைய இருபது பேரில் ஒருவர் மடிந்தார் என்பது இதன் பொருள். உலகில் வேறெந்த நாடும் அந்தப் பெருந்தொற்றில் இத்தனை பேரை இழந்ததில்லை.

சாதாரண இன்ஃபுளுயன்சா குழந்தைகளையும் முதியோரையும்தான் அதிகம் வாட்டும். 1918இல் வந்ததோ 20 முதல் 40 வயது வரையிலானவர்களைக் குறிவைத்தது போல் தாக்கியது. வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிய பின், பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்து நிமோனியாவை உண்டாக்கின. பென்சிலின் கண்டறியப்பட இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸையே 1933இல்தான் பிரித்தெடுத்தார்கள். ஆகவே மருத்துவர்களால் செய்ய முடிந்தது சிறிதளவே; நோயாளி பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் அவருக்குக் கிடைத்த உணவு, படுக்கை, பணிவிடை ஆகியவற்றைப் பொறுத்தே அமைந்தன.

[திரையில்: பம்பாய் நகரின் இறப்பு விகிதம், சமூகவாரியாக]

இதை உறுதிப்படுத்தும் சான்று பம்பாய் நகரச் சுகாதாரத் துறையின் கணக்கிலேயே இருக்கிறது. ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு என்ற அளவில், ஐரோப்பியரிடையே அது 8.3, ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே 61.6. ஒரே நகரம், ஒரே நோய், ஏழு மடங்குக்கும் மேலான வேறுபாடு. நெரிசலான குடியிருப்பும் அரைவயிற்று உணவும் சேர்ந்து செய்த கொலை என்று இதைச் சொன்னால் மிகையாகாது. பெண்களின் இறப்பும் ஆண்களைவிட அதிகமாக இருந்தது. வீட்டில் இருப்பதைக் கடைசியாக உண்பவர்களும், நோயுற்றவர் அருகில் இரவு பகலாக அமர்ந்திருப்பவர்களும் அவர்களே என்பதை நினைத்துப் பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும்.

இனி வேளாண்மைக்கு வருவோம். 1918இன் துயரத்தைப் புரிந்துகொள்ள வயலைப் பார்க்காமல் வழியில்லை. அவ்வாண்டின் தென்மேற்குப் பருவமழை வழக்கமான அளவில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துபோனது. போரினால் ஏற்கெனவே ஏறியிருந்த தானிய விலை மேலும் ஏறியது. சென்னையில் செப்டம்பர் மாதத்தில் மக்கள் கடைகளையும் சந்தைகளையும் சூறையாடும் அளவுக்கு நிலைமை முற்றியது. இரண்டாம் அலை எழுந்த வேளையும் அதுதான்.

[திரையில்: தக்காணத்துக் கரிசல் நிலம்]

தக்காணத்துக் கரிசல் நிலத்தில் பின்பருவச் சோளம் விதைப்பதற்கு உரிய காலம் செப்டம்பரும் அக்டோபரும். பெய்த மழையின் ஈரம் மண்ணில் நிற்கும் சில நாட்களுக்குள் ஏர் பூட்டி விதைத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டுவரை அந்த நிலம் சோறு போடாது. அந்த நாட்களில்தான் ஏர் பிடிக்க வேண்டிய இளைஞர்களும், களை எடுக்கவும் அறுக்கவும் வேண்டிய பெண்களும் பாயில் கிடந்தார்கள். முன்பருவப் பயிரில் மழைக்குத் தப்பியதை அறுத்துக் களம் சேர்க்கவும் பல ஊர்களில் ஆளில்லை.

இந்தத் துயரம் பின்னாளில் பொருளாதார அறிஞர்களிடையே பெரும் விவாதத்துக்கும் காரணமாயிற்று. இந்தியக் கிராமங்களில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், சிலரை விலக்கினாலும் விளைச்சல் குறையாது என்றொரு கருத்து அன்று வலுவாக இருந்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ், காய்ச்சலுக்கு முந்தைய 1916-17ஆம் ஆண்டோடு பிந்தைய 1919-20ஆம் ஆண்டை ஒப்பிட்டு, விதைக்கப்பட்ட பரப்பு குறைந்திருப்பதைக் காட்டி, உபரி ஆட்கள் என்ற கருத்தை மறுத்தார். அமர்த்திய சென் 1967இல் இதற்கு மாற்று வாதம் வைத்தார். இறப்பு எல்லாக் குடும்பங்களிலும் சமமாக விழவில்லை என்பதை அவர் சுட்டினார். நான்கு பேர் உழைக்கும் வீட்டில் ஒருவர் இறந்தால் மற்ற மூவர் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். வீடே படுத்துவிட்டால் அந்த வயலை யார் உழுவது? எண்ணிக்கையைவிட இழப்பு எங்கே குவிந்தது என்பதே முக்கியம் என்ற இந்தப் பார்வை, எந்தப் பெருந்தொற்றை ஆராய்வோருக்கும் உதவக்கூடியது.

அரசின் கை எட்டாத இடங்களில் தன்னார்வலர்களும் சாதிச் சங்கங்களும் மாணவர்களும் மருந்து, பால், கம்பளி ஆகியவற்றை வீடு வீடாகக் கொண்டுசென்றனர். அந்நிய ஆட்சி தம் உயிரைப் பொருட்படுத்தவில்லை என்ற மனக்கசப்பும் பரவியது.

[திரையில்: கங்கைக் கரை]

பண்பாட்டில் முதலில் உடைந்தது இறுதிச்சடங்கு. இந்திக் கவிஞர் சூரியகாந்த் திரிபாதி நிராலா, மனைவியையும் உறவினர் பலரையும் அந்தக் காய்ச்சலில் இழந்தார். கங்கை பிணங்களால் நிறைந்திருந்ததைக் கண்டதாகப் பின்னர் எழுதினார். எரிக்க விறகில்லை, சுமக்க ஆளில்லை என்ற நிலையில், காடு சேர்ப்பதும் காரியம் செய்வதும் நடக்காமலேயே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

மற்றக் கொள்ளைநோய்கள் வழிபாட்டில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. அம்மைக்கு மாரியம்மன் இருக்கிறாள். பிளேக் பரவிய காலத்தின் அடையாளமாகக் கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள்ளன. அவற்றைவிட வேகமாகக் கொன்ற 1918இன் காய்ச்சலோ பொதுநினைவில் மிகச் சிறிய இடத்தையே பெற்றது. சில மாதங்களில் வந்து போய்விட்டதால், ஆண்டுதோறும் திரும்பி வரும் நோய்க்கு எடுப்பது போன்ற விழா இதற்கு உருவாக வாய்ப்பில்லாமல் போயிருக்கலாம் என்பது என் கருத்து. எழுத்துப் பதிவும் குறைவு. இறப்பைப் பதிய வேண்டிய கிராம அலுவலர்களும் காவல்காரர்களும் தாமே நோயில் விழுந்தார்கள்.

ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஆண்டு அழியாமல் நிற்கிறது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை, 1921இல் 25.13 கோடியாகக் குறைந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர் என்பதால், 1919இல் பிறப்பும் சரிந்தது. அதற்குப் பின் எடுக்கப்பட்ட எந்தக் கணக்கெடுப்பிலும் இந்தியாவின் மக்கள்தொகை குறைந்ததில்லை.