எஃப்-10 கீயை அமுக்கிப் பாருங்க

நேயர்களுக்கு வணக்கம். திரையில ஒரு கதவு, மௌஸால க்ளிக் பண்றோம், திறக்கல. பையில சேத்து வச்சிருக்கிற சாமானையெல்லாம் ஒவ்வொண்ணா அந்தக் கதவுமேல போட்டுப் பாக்குறோம், ஊஹூம். சுட வேணாம், ஓட வேணாம், உக்காந்து யோசிச்சா போதும். அந்த மாதிரி பாயின்ட் அண்ட் க்ளிக் அட்வென்ச்சர் கேம்களைத்தான் இப்ப ஒண்ணொண்ணா புதுப்பிச்சு விடுறாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா இதுல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுசு எவ்வளவு அழகா வேணா இருக்கட்டும், பழசும் அதுக்குள்ளயே இருக்கணும்.

தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட் எடுத்துக்குங்க. ரான் கில்பர்ட் பண்ணது, 1990ல வந்தது. 2009ல ஸ்பெஷல் எடிஷன்னு விட்டாங்க, படமெல்லாம் திரும்ப வரைஞ்சு, வசனத்துக்கெல்லாம் குரல் கொடுத்து. கம்ப்யூட்டர்ல அதை விளையாடும்போது எஃப்-10 கீயை அமுக்கினீங்கன்னா, நிக்கிற அதே இடத்துல அப்படியே பழைய கேம் வந்துரும்! ஆரம்பத்துல ராத்திரி நேரம், மேட்டுமேல நெருப்பு எரியுது, பக்கத்துல கண்ணு தெரியாத காவல்காரர். புதுசுல அவர் முகம் தெளிவா தெரியுது. அமுக்கினா கட்டம் கட்டமா கொஞ்சம் புள்ளிதான், ஆனா பாருங்க, மிச்ச முகத்தை நம்ம மனசே வரைஞ்சுக்குது, எனக்கு அந்த முகம்தான் பிடிக்கும்.

இன்னொண்ணும் இருக்கு, இதை யாரும் பெருசா பேசுறதில்ல. பழைய திரையோட அடியில எடு, திற, தள்ளு, இழு, பேசுன்னு வார்த்தையெல்லாம் வரிசையா எப்பவும் நிக்கும். புதுசுல அதை ஒளிச்சு வச்சுட்டாங்க, வேணும்னா நாமதான் வரவழைக்கணும். தள்ளுன்னு ஒரு வார்த்தை கண்ணு முன்னாடி நின்னாத்தானே தள்ளிப் பாக்கத் தோணும்? மறைச்சதும் பாதி விளையாட்டு போச்சு. ஆனா எஃப்-10 இருக்கு, அமுக்குனா திரும்பி வந்துருது, அதான் சொல்றேன் பழசு உள்ளயே இருக்கணும்னு. பழைய படத்துக்கு மாறினா குரல் போயிரும், அது ஒரு குறை, 2010ல ரெண்டாம் பாகத்தைப் புதுப்பிச்சப்ப அதையும் சரி பண்ணிட்டாங்க.

கிரிம் ஃபேன்டாங்கோ, 1998 கேம், அதுல ஆளை கீபோர்டால திருப்பித் திருப்பி நடக்க வைக்கிறதே பெரும்பாடு. 2015ல புதுப்பிச்சு விட்ட ரீமாஸ்டர்ல மௌஸ் கொடுத்துட்டாங்க, பின்னணி ஓவியங்கள்ல கை வைக்கல, பழைய நடையும் வேணும்னா இருக்கு. இப்படித்தாங்க பண்ணணும்.

நேரம் ஆச்சுன்னு சைகை காட்டுறாங்க, ரிவென்ங்கிற கேமைப் பத்தி நிறைய சொல்லணும்னு இருந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். 1997ல ஒவ்வொரு படமா நகர்ந்து பாத்த தீவுகளை 2024ல அந்த கேமைப் பண்ண சயன் கம்பெனியே நடந்து போற மாதிரி பண்ணிட்டாங்க, புதிர்கள் சிலதையும் மாத்திட்டாங்க, அதனால விடையெல்லாம் மனப்பாடமா தெரிஞ்சவங்களும் மறுபடி நோட்டும் பேனாவுமா உக்காரணும். பழசு அதுக்குள்ள இல்ல, தனியா கிடைக்குது, முதல்ல அதை விளையாடிட்டு அப்புறம் புதுசுக்கு வாங்க. நன்றி, வணக்கம்.