கோடையின் உச்சியில் ஒரு வெள்ளைப் பூ

வணக்கம். கள்ளி என்றதும் பலருக்கும் முள்தான் ஞாபகம் வரும், நான் பேச வந்திருப்பது அதன் பூவைப் பற்றி. அதுவும் ஒரே ஒரு கள்ளி: அரிசோனாவிலும் வடமேற்கு மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலைவனத்தில் 12 மீட்டருக்கு மேலும் வளர்ந்து நிற்கிற சகுவாரோ.

இதற்கு அவசரமே கிடையாது. முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாலே அதிகம். டூசான் நகரை ஒட்டிய சகுவாரோ தேசியப் பூங்காவில் ஒரு செடி முதல் பூவை விடவே ஏறக்குறைய 35 வருடம் ஆகிறது, அவ்வளவு காலம் காத்திருந்து விடுகிற அந்தப் பூ, பொழுது சாய்ந்து சில மணி நேரம் கழித்து மலர்ந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிவிடும், திரும்பத் திறக்காது. மெழுகில் வார்த்தது மாதிரி தடித்த வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தம், பழுத்த முலாம்பழ வாசனை. இரவில் வௌவால் வரும், விடிந்தால் வெண்சிறகுப் புறாவும் தேனீயும். ஒரு செடியின் மகரந்தம் அதே செடிக்கு உதவாது, வேறொரு சகுவாரோவிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதனால் இந்த விருந்தாளிகள் இல்லாவிட்டால் காய் இல்லை.

எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், இது பூப்பது மே, ஜூனில். மண் காய்ந்து வெடிக்கிற நேரம்! மழைக்காலத்தில் குடித்த தண்ணீரைத் தண்டுக்குள் சேர்த்து வைத்திருப்பதால் வானத்தை நம்பாமல் பூக்க முடிகிறது. அப்புறம் ஜூன் கடைசியில் பழம் சிவந்து வெடிக்கும், ஒரு பழத்தில் சுமார் 2,000 விதை. அவை உதிர்ந்து கிடக்கும்போது ஜூலை மழை வந்துவிடும். அங்கே காலங்காலமாக வாழும் டொஹோனோ ஓ'ஓடம் மக்கள் காய்ந்த சகுவாரோவின் விலா எலும்பு போன்ற குச்சிகளாலேயே துறட்டி கட்டி அந்தப் பழத்தைப் பறிக்கிறார்கள், அவர்களுக்குப் புது வருடம் பிறப்பதும் அந்த அறுவடையோடுதான்.

சரி, பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பூ உச்சியில் இருக்கும், அண்ணாந்து பார்த்தால் பாதிதான் தெரியும். உறைபனி தாக்கித் தொங்கிப்போன கிளை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், அதில் பூ கண்ணுக்கு நேராகவே இருக்கும்.