அணு உலையும் ஒரு பழைய பேரேடும்: காரைக்குடியில் பேசியது

எல்லாருக்கும் வணக்கம். ஆச்சிமாரு எல்லாம் முன்னாடி வந்து உக்காருங்க, பின்னாடி ஃபேன் காத்து வராது. மைக் கேக்குதா? சரி.

நான் அணு விஞ்ஞானி இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். 31 வருஷம் நிலக்கரி அனல்மின் நிலையத்துல பாய்லர் பக்கம் குப்பை கொட்டினவன். எங்க யூனிட் 210 மெகாவாட், அதுக்கு ஒரு நாளைக்கு 3000 டன்னுக்கு மேல கரி வேணும், கிட்டத்தட்ட ஒரு முழு கூட்ஸ் வண்டி, தினமும், தீபாவளி அன்னைக்கும். அதுல மூணுல ஒரு பங்கு சாம்பலாத்தான் வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்துனா கைக்குட்டை கறுப்பா இருக்கும். அப்படிப்பட்டவன்கிட்ட போய் கூடங்குளம் மாதிரி ஒரு 1000 மெகாவாட் உலைக்கு வருஷத்துக்கே சுமார் 25 டன் எரிபொருள் போதும்னு சொன்னா வயிறு எரியுமா எரியாதா சொல்லுங்க. புகையும் கிடையாது, பூமியைச் சூடாக்குற கரியமில வாயு பேருக்குத்தான், காத்து அடிச்சாலும் அடிக்காட்டியும் ராத்திரி பகல் பார்க்காம ஓடும்.

ஆனா அதுவும் தண்ணி காய்ச்சுற அடுப்புதாங்க. நீராவி, டர்பைன், ஜெனரேட்டர் எல்லாம் எங்ககிட்ட இருந்த அதே சாமான். மூணு பங்கு சூட்டுல ஒரு பங்குதான் கரண்டாகும், மிச்சம் ரெண்டு பங்கு கடல்லதான் போகுது, அதனாலதான் கல்பாக்கமும் சரி கூடங்குளமும் சரி கடற்கரையில இருக்கு. வித்தியாசம் அடுப்புக்குள்ளதான், அங்க எதுவும் எரியல, உடையுது.

யுரேனியம் 235ங்கிற அணு மேல நியூட்ரான்ங்கிற ஒரு குட்டித் துகள் மோதுனா அது ரெண்டா உடைஞ்சு சூட்டைக் கக்கும், கூடவே ரெண்டு மூணு நியூட்ரானை வெளிய தள்ளும், அது போய் அடுத்த அணுவை உடைக்கும், அதுலேர்ந்து இன்னும் ரெண்டு மூணு. வட்டிக்கு விட்டுப் பிழைச்ச நம்ம ஊர்ல இதுக்கு விளக்கமே வேண்டாம், வட்டிக்கு வட்டி! அப்படியே குட்டி போட விட்டா அது குண்டு. உலையில என்ன பண்றாங்கன்னா வர்ற வட்டியை அன்னன்னைக்கே எடுத்துடுறாங்க, முதல் கூடவும் கூடாது குறையவும் கூடாது. அந்தக் கணக்குப்பிள்ளை வேலையைப் பார்க்கிறது போரான் மாதிரி நியூட்ரானை முழுங்குற சாமான் வச்ச கம்பிங்க, இறக்குனா உலை நின்னுடும்.

என்ன ஆச்சி? கூடங்குளம் வெடிச்சா இங்க வருமான்னா? நேர்கோட்டுல பார்த்தா 200 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அதை விடுங்க, உலை அணுகுண்டு மாதிரி வெடிக்காது. மண்ணுலேர்ந்து எடுக்கிற யுரேனியத்துல இந்த 235 சரக்கு 0.7 சதவீதம்தான். கல்பாக்கத்துல அதை அப்படியே போடுறாங்க, நியூட்ரானை அதிகம் முழுங்காத கனநீர்ங்கிற தண்ணி இருக்கிறதால அது வேலை செய்யுது. கூடங்குளத்துல சாதாரணத் தண்ணிங்கிறதால 4 சதவீதம் பக்கம் கூட்டிப் போடுறாங்க. குண்டுக்கு 90 சதவீதம் பக்கம் வேணும். அதனால அந்தப் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேற ஒண்ணு. விறகடுப்புல விறகை வெளிய இழுத்துட்டாலும் கங்கு கிடக்கும்ல, பால் பொங்கும்ல? அதேதான். உலையை நிறுத்துன அந்த நிமிஷத்துலயும் உள்ள 6, 7 சதவீதம் சூடு வந்துட்டே இருக்கும், உடைஞ்ச துண்டுக சும்மா இருக்காது. 1000 மெகாவாட் உலைன்னா கிட்டத்தட்ட 200 மெகாவாட் சூடு, எங்க யூனிட் தர்ற கரண்டு அளவுக்கு! மணிக்கு மணி குறையும், ஆனா நாள் கணக்கா, மாசக் கணக்கா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். 2011 மார்ச் 11, ஃபுகுஷிமாவுல பூகம்பம் வந்தப்ப ஓடிட்டிருந்த உலைக எல்லாம் ஒழுங்காத்தான் நின்னுச்சு, பின்னாடியே வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டரை முக்கிடுச்சு, பம்ப் நின்னுச்சு, மூணு உலை உள்ளயே உருகிப்போச்சு. வெடிச்சதா டிவில பார்த்தோமே, அது ஹைட்ரஜன் வாயு. நம்ம கல்பாக்கத்துக்கும் 2004ல சுனாமி வந்துச்சு, பம்ப் ஹவுசுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, ஓடிட்டிருந்த யூனிட்டைப் பத்திரமா நிறுத்திட்டாக. ஆனா குடியிருப்புல உயிர் போச்சு, அதை மறந்துட்டுப் பெருமை பேசக்கூடாது.

காசு விஷயம் உங்களுக்கு நான் சொல்லவா வேணும். அணு உலைக்கு எரிபொருள் செலவு கம்மி, முதல்தான் மலை மாதிரி. வேலை இழுத்தா வட்டி ஏறும். கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டது 1988, கட்ட ஆரம்பிச்சது 2002, முதல் கரண்டு வந்தது 2013. கல்பாக்கம் ஈனுலைக்கு, அதாவது எரிக்கிறதைவிட அதிகமா எரிபொருளை உண்டாக்குற உலைக்கு, 2004ல வேலை ஆரம்பிச்சு உலை மையத்துல சாமான் ஏத்தத் தொடங்குனதே 2024 மார்ச்சுல. பர்மாவுல வட்டிக்கு விட்ட நம்ம ஐயாக்க இப்படிக் கடன் கொடுத்திருந்தா வீட்டுக்குப் பர்மா தேக்கு வந்திருக்குமா, வெறும் தூணுக்கே வழி இருந்திருக்காது.

சரி, இனி நான் பேசணும்னு நினைச்சு வந்தது. கழிவு.

போன வருஷம் எங்க பூர்வீக வீட்டை ஒரு கல்யாணத்துக்காகத் திறந்தோம். 19 பங்காளி, ஆளுக்கொரு ஊரு, ரெண்டாங்கட்டு அறைச் சாவி யார்கிட்டன்னு வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வாரம் சண்டை, கடைசியில பூட்டை உடைச்சோம். உள்ள ஒரு தேக்குப் பெட்டி, கறையான் ஓரத்தைத் தின்னுருச்சு. அதுக்குள்ள எங்க கொள்ளுத் தாத்தா ரங்கூன்ல எழுதுன பேரேடு. தமிழ்தான், நம்ம தமிழ்தான். ஆனா எண்ணெல்லாம் தமிழ் எண், பின்னமெல்லாம் மாகாணி முந்திரிக் கணக்கு. எம்.காம் படிச்ச பையன் நிக்கிறான், ஆடிட்டர் நிக்கிறாரு, நான் இஞ்சினியர், ஒருத்தனுக்கும் ஒரு வரி படிக்கத் தெரியல. யாருக்கு யாரு எவ்வளவு தரணும்னு அவரு வேளாவேளைக்கு எழுதி வச்சிருக்காரு, நாங்க ஆத்தங்குடிக் கல்லு மேல அதை விரிச்சு வச்சுக்கிட்டு படம் பார்க்கிற மாதிரி பார்த்தோம். இத்தனைக்கும் 100 வருஷம்தான் ஆச்சு.

உலையிலேர்ந்து எடுக்கிற எரிபொருள்ல புளூட்டோனியம் 239 இருக்கும், அதோட கதிர்வீச்சு பாதியாக் குறையவே 24,000 வருஷம். நம்ம நாட்டுல அந்தப் புளூட்டோனியத்தைப் பிரிச்சு மறுபடி எரிபொருளாக்கப் பார்க்கிறாங்க, அதுக்குத்தான் ஈனுலை, நல்ல யோசனைதான், மிச்சக் கழிவைக் கண்ணாடியோட உருக்கிக் கட்டியாக்குறாங்க. அளவும் கொஞ்சம்தான், எங்க சாம்பல் மேட்டோட பார்த்தா ஒண்ணுமே இல்ல. பின்லாந்துல கழிவைப் புதைக்க ஒன்காலோன்னு ஒரு இடத்துல பாறைக்குள்ள 400 மீட்டருக்குக் கீழ குடைஞ்சு வச்சிருக்காங்க. பாறை தாங்கும், எனக்கு அதுல சந்தேகம் இல்ல. என் கவலை சாவி யார்கிட்ட இருக்கும்ங்கிறதுதான். கொடுத்துட்டுப் போற நாம யாரு, வாங்கிக்கிறவங்க என்ன பாஷை பேசுவாங்க?

வேணுமா வேண்டாமான்னு கேட்டா, ஓடுறதை ஓட விடுங்கன்னுதான் சொல்வேன், ஜெர்மனி மாதிரி நல்லா ஓடுற உலையை மூடுறது எனக்குச் சரியாப் படல, கரிப்புகைல சாகுறவங்க கணக்கை நாம பேசுறதே இல்ல. புதுசாக் கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஊர் ஆளுககிட்ட உக்காந்து பேசணும். கூடங்குளத்துக் கரண்டுல பாதிக்கு மேல நம்ம தமிழ்நாட்டுக்குத்தான் வருது, இந்த ஃபேன் ஓடுறதுலகூட அது கலந்திருக்கும். ஆனா அதுக்குப் பக்கத்துல படுத்துத் தூங்குறது இடிந்தகரைக்காரங்க. 200 கிலோமீட்டர் தள்ளி நின்னுக்கிட்டு தைரியமாப் பேசுறது சுலபம், எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஆங், பின்னாடி யாரு தம்பி கைய தூக்குறது? பாறை மேல என்ன எழுதி வைக்கணும்னா? அதைத்தான் உலகம் பூரா யோசிக்கிறாங்க. எழுத்து மாறிடும். மண்டையோட்டுப் படம் போடலாமா? சொல்லுங்க பார்ப்போம்.

ஆச்சி ஏதோ சொல்றாக, மைக்க அங்க கொடுங்கப்பா. "ஒண்ணும் எழுதாதிய, எழுதி வச்சா புதையல்னு தோண்டுவாக"ங்கிறாக!

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல ஆச்சி.