தூத்துக்குடி மின்சாரக் கார் தானா ஓடுமா? டிரைவர் பொழப்பு என்ன ஆகும்? – பாளையங்கோட்டை அக்காவோட கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. பாளையங்கோட்டையில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காவ, வாசிக்கேன். "தூத்துக்குடியில மின்சாரக் கார் கம்பெனி வந்துட்டு. இனிமே காரெல்லாம் டிரைவரே இல்லாமத் தானா ஓடும்னு சொல்லுதாவ. எங்க வீட்டுக்காரவ ஜங்ஷன்ல டாக்ஸி ஓட்டுதாவ. பையன் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் கடைசி வருசம். இவங்க பொழப்பு போயிருமா? பையன் இந்தத் துறைக்குப் போகலாமா? விளக்கிச் சொல்லுங்க."

அக்கா, வீட்டுல ரெண்டு பேரு பொழப்பு இதுல இருக்கு. அதனால விரிவாவே சொல்லுதேன்.

மொதல்ல, மின்சாரக் கார் வேற, தானா ஓடுற கார் வேற. அமெரிக்காவுல ராணுவ ஆராய்ச்சி அமைப்பு தார்ப்பா, 2004ல மொஹாவி பாலைவனத்துல ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு போட்டி வச்சுது. ஒரு வண்டி கூட எல்லையத் தொடல. அதிகபட்சமா ஓடுனதே 12 கிலோமீட்டருக்குள்ளதான். அடுத்த வருசம் திரும்ப வச்சாவ. செபாஸ்டியன் த்ரன் தலைமையில ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு செஞ்ச 'ஸ்டான்லி' 212 கிலோமீட்டரையும் ஆளில்லாம ஓடி ஜெயிச்சுது. அது டீசல் வண்டி! ஃபோக்ஸ்வேகன் டுவாரெக். பேட்டரியில ஓடுறதுக்கும் தானா ஓடுறதுக்கும் கட்டாயச் சம்பந்தம் கிடையாது.

தூத்துக்குடியில இருக்கது வின்ஃபாஸ்ட், வியட்நாம் கம்பெனி. சிப்காட்ல 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி தெறந்தாவ. வி.எஃப். 6, வி.எஃப். 7னு ரெண்டு மாடல், வருசத்துக்கு 50,000 கார் செய்யுற அளவுல ஆரம்பிச்சிருக்காவ. இந்த மாதிரி கார்கள்ல வருறது டிரைவருக்கு ஒத்தாசை பண்ணுற வசதி. முன்னால வண்டி நின்னா பிரேக் பிடிக்கும், வெள்ளைக் கோட்டுக்குள்ள வண்டியப் பிடிச்சு வைக்கும். இத லெவல் 2ன்னு சொல்லுவாவ. பூச்சியத்துல ஆரம்பிச்சு அஞ்சு வரைக்கும் லெவல் உண்டு. லெவல் 2ல கையும் கண்ணும் டிரைவரோடதுதான், பொறுப்பும் அவருதுதான். மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700ல 2021லயே இது வந்துட்டு, அதுவும் பெட்ரோல், டீசல்ல.

சரி, ஆளே இல்லாம ஓடுறதுக்கு என்ன வேணும்? வண்டி ஓடுறது பெரிய விசயமில்ல. பாக்கணும். பாத்தது என்னன்னு தெரியணும். அது அடுத்து என்ன செய்யும்னு கணிக்கணும். கேமரா இருக்கு, ரேடார் இருக்கு, லேசர் ஒளிய அனுப்பி அது திரும்பி வார நேரத்த வச்சுத் தூரம் அளக்குற லைடார் இருக்கு. அமெரிக்காவுல ஆளில்லா டாக்ஸி விடுற வேமோ கம்பெனி மூணையும் வச்சு ஓட்டுது. டெஸ்லா கேமராவ மட்டும் நம்புது. எது இருந்தாலும், "இது மனுசன், இது ஆடு, இது சைக்கிள்"னு அதுக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும்லா? அதச் சொல்லிக் குடுக்கது மனுசங்க. ஒரு தெருப் படத்தக் கம்ப்யூட்டர்ல விரிச்சு வச்சு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓரத்தோட ஓரமா மவுஸால கோடு இழுத்துப் பேரு போடணும். பைக்குல மூணு பேரு, பக்கத்துல பால் கேன் தொங்குது, பின்னால ஒரு குடை தெரியுது. எது வண்டி, எது ஆளுன்னு தனித்தனியாப் பிரிக்கணும். பெரும்பாலும் ஜெர்மனி நகரங்கள வச்சு 'சிட்டிஸ்கேப்ஸ்'னு ஒரு படத்தொகுப்பு 2016ல வந்துச்சு. அதுல ஒரே ஒரு படத்துக்குக் கோடு போட்டுச் சரிபாக்க சராசரியா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கு. அப்படி 5,000 படம்!

கார் செஞ்சவங்கன்னா முதலாளி பேரு ஒண்ணுதான் வெளிய தெரியுது. இந்தக் கோடு போட்ட கைகளும் செஞ்சவங்கதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். தமிழ்நாட்டுச் சின்ன ஊர்கள்லயும் இந்த வேலை நடக்கு. பட்டப்படிப்பு முடிச்ச பிள்ளைக உக்காந்து, கண்ணு வலிக்க வலிக்கச் செய்யுதாவ. இன்னொரு பக்கம், டெஸ்லாவுல காரைத் தானா ஓட வைக்குற குழுவுக்கு மொதல் ஆளா எடுக்கப்பட்டவரு அசோக் எல்லுசாமி. சென்னை கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவரு.

இப்ப நம்ம ரோட்டுக்கு வாங்க. அம்பாசமுத்திரம் பக்கம் அறுப்பு முடிஞ்ச நேரத்துல போயிருக்கீங்கல்லா? பாதி ரோட்டுல நெல்லு காயும். ஓரத்துல கல்ல வரிசையா வச்சிருப்பாவ. மிச்சப் பாதியிலதான் ரெண்டு பக்க வண்டியும் போகணும். எதுத்து வார டிரைவர் ஒருக்கா லைட்ட அடிப்பாரு, இல்ல கையக் காட்டுவாரு. "நீ வா"ங்குறாரா, "நான் வாரேன்"ங்குறாரா? அத்தானுக்கு அரை நொடியில புரியும். நெல்லு துழாவுற அம்மா குனிஞ்சபடியே ஒரு எட்டு பின்னால வைப்பாங்கன்னும் அவருக்குத் தெரியும். ஜெர்மனிப் படத்துல இது ஒண்ணும் கிடையாது. காவல்கிணறு பக்கம் காத்தாலை இறக்கைய ஏத்திக்கிட்டு நாலுவழிச் சாலையில திரும்புற லாரிய நெனைச்சுப் பாருங்க. அது எங்க முடியுதுன்னு கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

எதுக்க இருக்கதுக்குப் பேரு தெரியாமக் கார் தடுமாறுனா என்ன ஆகும்னும் சொல்லணும். இது முக்கியம். 2018 மார்ச் 18, அமெரிக்காவுல அரிசோனா மாநிலம் டெம்பி. ராத்திரி நேரம். ஒரு அம்மா சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரோட்டக் குறுக்க கடந்தாங்க. சோதனையில இருந்த ஊபர் கார் மோதி இறந்துபோனாங்க. விசாரணை அறிக்கையப் படிச்சா நெஞ்சு பதறுது. மோதுறதுக்கு 5.6 நொடிக்கு முன்னாலயே கார் அவங்களக் கண்டுட்டு. ஆனா ஒருக்கா வண்டிங்குது, ஒருக்கா வேற பொருளுங்குது, ஒருக்கா சைக்கிளுங்குது. ஒவ்வொரு தடவை பேரு மாத்தும்போதும், அவங்க இதுவரைக்கும் எந்தப் பக்கம் நகந்தாங்கங்குற கணக்கையும் அழிச்சிட்டு. அதனால குறுக்க வாராங்கன்னே அதுக்குத் தெரியல. நடந்து கடக்குற ஆளு, ஜீப்ரா கோட்டுப் பக்கம் இல்லாம நடுரோட்டுலயும் வருவாங்கங்குற நெனைப்பே அந்த மென்பொருள்ல வைக்கல. நம்ம டவுன்ல, மேலப்பாளையத்துல, யாரு கோட்டுக்குள்ள கடக்கா சொல்லுங்க?

இதுக்கு நம்ம நாட்டுல யாரும் ஒண்ணும் செய்யலன்னு நெனைக்காதீங்க. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.ங்குற கல்வி நிறுவனமும் கம்ப்யூட்டர் சிப் செய்யுற இன்டெல் கம்பெனியும் சேந்து நம்ம ரோட்டுப் படம் 10,000க்குக் கோடு போட்டுத் தொகுத்திருக்காவ. அதுல ஆட்டோவுக்குத் தனிப்பேரு உண்டு, மிருகத்துக்கு உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்சது, தார்ரோட்டுக்கு ஓரத்துல வண்டிய எறக்கலாம்ங்குற மண்ணுக்கும் தனியா ஒரு பேரு வச்சிருக்காவ. ரோட்டுல எறங்கிப் பாத்தவன்தான் அப்படிப் பேரு வைப்பான். அந்தப் படங்களும் ஹைதராபாத், பெங்களூர்ப் பக்கம் எடுத்ததுதான். அம்பாசமுத்திரம் நெல்லு ரோட்ட இன்னும் யாராவது படம் எடுத்துக் கோடு போடணும்.

அதனால அத்தான் விசயத்துல, பயப்படாதீங்க. அமெரிக்காவுல பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோவுல வேமோ டாக்ஸி ஆளில்லாம ஓடுது, அது உண்மை. ஆனா நம்ம நாட்டுல டிரைவர் இல்லாத காரை விடமாட்டேன், பல பேரு வேலை போயிரும்னு மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பர்ல வெளிப்படையாச் சொன்னாரு. சொல்லு நாளைக்கு மாறலாம், ரோடு அவ்வளவு சீக்கிரம் மாறாது. அத்தான் புதுசா வாங்குற வண்டியில லெவல் 2 இருந்தா மட்டும், கோடு அழிஞ்ச ரோட்டுலயும் மழையிலயும் அத நம்பி ஸ்டியரிங்க விட்றாண்டாம்னு சொல்லுங்க.

பையன் விசயம். கண்டிப்பா போகலாம், ஆனா கையில தொழிலோட போகணும். இப்ப வார கார்கள்ல முன்கண்ணாடிக்குப் பின்னால கேமரா இருக்கு. கண்ணாடி ஒடஞ்சு புதுசு மாத்துனா, அந்தக் கேமராவத் திரும்ப அளந்து சரிபண்ணணும். ஒரு டிகிரி சாஞ்சிருந்தாக்கூட, தூரத்துல வார வண்டி பக்கத்து லேன்ல தெரியும். ரேடார மறைக்குற பம்பர்ல தாராளமாப் பட்டி பூசி பெயிண்ட் அடிச்சா அதுக்குப் பார்வை மங்கும். இதத் தெரிஞ்சு செய்யுற டிங்கரிங் பட்டறை நம்ம பக்கம் எத்தனை இருக்கு? அங்க வேலை காத்துக்கிட்டு இருக்கு. பேட்டரி வேலை அதவிடக் கவனமா கத்துக்கணும். நூத்துக்கணக்கான வோல்ட், நேர் மின்சாரம். மெயின் இணைப்பப் பிரிச்சு, கரண்ட் இல்லன்னு மீட்டர் வச்சுப் பாத்த பெறவுதான் கைவைக்கணும். யூடியூப் பாத்து இதச் செய்யக் கூடாது, என் வீடியோவப் பாத்தும் செய்யக் கூடாது.

மின்சார வாகனப் பயிற்சின்னு போர்டு வச்ச எடத்துல பணம் கட்டுறதுக்கு முந்தி நீங்களே நேர்ல போங்க அக்கா. லேப்பக் காட்டச் சொல்லுங்க. உண்மையான கார் பேட்டரி பேக் இருக்கா, ரப்பர் கையுறை இருக்கா, பையன் அதத் தன் கையால கழட்டி மாட்ட விடுவாங்களான்னு கேளுங்க. படத்துலதான் காட்டுவோம்னு சொன்னா, பணத்தக் கட்டாம வந்துருங்க.