பழைய துப்பாக்கி, புதிய வழக்கு

வணக்கம்.

துப்பாக்கிச் சட்டம் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கொள்ளைக்காரனும் கும்பல் சண்டையும்தான். இன்று நான் பேசப்போவது அவர்களைப் பற்றி அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடி அலமாரியைத் திறந்து, ஒரு பழைய மாஸர் கைத்துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி வைத்துப் பூட்டுகிற மனிதரைப் பற்றி. அவர் யாரையும் சுட்டதில்லை. தோட்டா வாங்குகிற பழக்கம்கூடப் பலருக்குக் கிடையாது. அமெரிக்க ஃபெடரல், அதாவது மத்திய அரசுச் சட்டத்தில் அப்படி ஒருவர் மாட்டினால் என்ன ஆகும்? கொள்ளைக்காரனுக்குப் பாய்கிற அதே பிரிவுதான் இவருக்கும் பாயும். ஒரு விஷயத்தில் இவர் நிலைமை இன்னும் மோசம். 'இது என்ன ரகம் என்றே எனக்குத் தெரியாது' என்று கொள்ளைக்காரன் சொல்லிப் பார்க்கலாம். சேகரிப்பவர் சொன்னால் யார் நம்புவார்கள்?

சட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1934ல் வந்தது நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட். இயந்திரத் துப்பாக்கி (விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடுவது), சைலன்சர், 16 அங்குலத்துக்குக் (முதலில் 18 என்று இருந்தது) குறைவான குழல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ஷாட்கன் ஆகியவற்றை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கைமாறும்போது 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. கென்னடி சகோதரர்களும் மார்ட்டின் லூதர் கிங்கும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1968ல் கன் கன்ட்ரோல் ஆக்ட் வந்தது. விற்பனை, லைசென்ஸ், மாநிலம் விட்டு மாநிலம் போவது எல்லாம் அதன் கீழ். 1986 மே 19க்குப் பிறகு பதிவான இயந்திரத் துப்பாக்கியைத் தனிநபர் வைத்திருக்கவே முடியாது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குறுங்குழல் துப்பாக்கிகளுக்கும் அந்த 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. 'சட்டமே போய்விட்டது' என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். போனது வரி மட்டும்தான். பதிவு அப்படியே இருக்கிறது, பதியாவிட்டால் வரும் தண்டனையும் அப்படியே இருக்கிறது.

சேகரிப்பவர்களுக்கென்று தனி லைசென்ஸ் உண்டு. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். 50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் துப்பாக்கியை வேறு மாநிலத்திலிருந்துகூட நேராக வரவழைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, வந்தது போனது எல்லாவற்றையும் கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். 1898ம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்ததை 1968 சட்டம் பொதுவாகத் துப்பாக்கியாகவே எண்ணுவதில்லை. இந்த 30 டாலர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் அனுமதி என்று நினைப்பவர்கள் அதிகம். இயந்திரத் துப்பாக்கியைப் பதிய வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அது விலக்கு தராது. அதை வைத்து வியாபாரமும் செய்ய முடியாது.

சரி, ஆட்கள் எங்கே மாட்டுகிறார்கள்? அந்த மாஸரையே எடுங்கள். சி96 என்ற மாடல். குழல் ஐந்தரை அங்குலம். அதன் உறை மரத்தால் ஆனது. அந்த உறையையே கைப்பிடிக்குப் பின்னால் செருகினால் தோளில் தாங்குகிற கட்டையாகிவிடும். தோளில் வைத்துச் சுடுவது சட்டத்தின் கண்ணில் ரைஃபிள். ரைஃபிளுக்கு 16 அங்குலம் வேண்டும், இங்கே இருப்பது ஐந்தரை. ஆனாலும், மூலக் கட்டையோடு வந்த சி96ஐச் சேகரிப்புப் பொருள் என்று கருதி 1934 சட்டத்தின் பட்டியலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது ஒருவர் சந்தையில் கிடைத்த வேறு மாதிரிக் கட்டையை வாங்கி அதில் செருகுகிறார். விலக்கு போயிற்று. ஃபெடரல் குற்றம், 10 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அவர் செய்த வேலை அரை நிமிட வேலை.

எம்1 கார்பைன் இன்னொரு கண்ணி. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கில் செய்த, இன்று சாதாரணமாகக் கிடைக்கிற துப்பாக்கி. அதன் தம்பி எம்2 தானியங்கி. எம்2வின் சில சின்ன உறுப்புகளை மாட்டினால் எம்1 இயந்திரத் துப்பாக்கியாகிவிடும். மாட்டக்கூட வேண்டாம். மாற்றுவதற்கென்றே செய்த உறுப்புத் தொகுப்பு டப்பாவில் சும்மா கிடந்தாலே சட்டம் அதை இயந்திரத் துப்பாக்கி என்றுதான் எண்ணும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது பரண் கதைகள். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்த இயந்திரத் துப்பாக்கிகள் பல வீடுகளில் இருந்தன. சிலவற்றைச் சுட முடியாதபடி முடக்கி, 'இது ஆயுதம் இல்லை' என்று அரசே ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டது. 1968 சட்டம் முடக்கியவற்றையும் பதியச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பர் 2 முதல் 30 நாள் பொதுமன்னிப்பு. அதில் பதியாமல் விட்டது இன்றுவரை விட்டதுதான். தனிநபர் கையில் இருக்கும் அதை இனிப் பதிய வழியே கிடையாது. தாத்தா இறந்த பிறகு பெட்டியைத் திறக்கிற பேரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பதிவுத்தாள் இருந்தால் வாரிசு என்ற முறையில் வரியில்லாமல் பெயர் மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால், முதல் போன் வக்கீலுக்கு. இணையத்தில் விலை விசாரிப்பது அவருக்கு எதிரான ஆதாரமாகத்தான் போய் முடியும்.

தெரியாமல் வைத்திருந்தால் மன்னிப்பு உண்டா? 1994ல் ஸ்டேபிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. ஸ்டேபிள்ஸ் என்பவரின் ஏஆர்-15 ரைஃபிளில், ராணுவத் தானியங்கியான எம்-16இன் உறுப்புகள் இருந்தன. தானியங்கியாகச் சுடாமல் தடுக்கிற உலோகத் துண்டு அராவப்பட்டிருந்தது. தன் கையில் அது ஒருமுறைகூடத் தானாகச் சுட்டதில்லை என்றார். துப்பாக்கியின் அந்தத் தன்மை அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கவனியுங்கள், தெரிந்திருக்க வேண்டியது துப்பாக்கியின் தன்மை. பதியவில்லை என்பதோ சட்டம் என்ன சொல்கிறது என்பதோ தெரியாது என்றால் எடுபடாது. சேகரிப்பவருக்கோ துப்பாக்கியின் தன்மை அத்துப்படி. அவர் வீட்டு நூலகம், கைப்பட எழுதிய குறிப்பேடு, நண்பருக்கு அனுப்பிய செய்தி எல்லாம் அரசுத் தரப்புக்குச் சாட்சி. இருபது வருட ரசனை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக எழுந்து நின்று பேசும்.

அப்புறம் விற்பனை. சேகரிப்பை மேம்படுத்த எப்போதாவது ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கலாம், அதற்கு இடம் உண்டு. மாதாமாதம் துப்பாக்கிக் கண்காட்சியில் மேஜை போட்டு, வாங்கிய வேகத்தில் லாபத்துக்குத் தள்ளிவிட்டால், அது லைசென்ஸ் இல்லாத வியாபாரம், 5 ஆண்டு வரை. இத்தனை துப்பாக்கி வரை பரவாயில்லை என்று சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. 2022 திருத்தம் இந்த வரையறையை இன்னும் இறுக்கியது. எண்ணிக்கை சொல்லாமல் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம் நல்ல சட்டமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் இருப்பது அதுதான்.

சிறையைவிடப் பெரிய அடி வேறு இரண்டு. ஒன்று, பறிமுதல். இதில் பிரதிவாதி மனிதர் இல்லை, துப்பாக்கிகளே. 1984ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கின் பெயரே 'ஒன் அசார்ட்மென்ட் ஆஃப் 89 ஃபயர்ஆர்ம்ஸ்'. லைசென்ஸ் இல்லாமல் விற்றார் என்ற குற்றச்சாட்டிலிருந்து உரிமையாளரை ஜூரி விடுவித்தது. ஆள் வெளியே வந்தார், 89 துப்பாக்கிகளும் வரவில்லை. விடுதலையானாலும் பறிமுதல் செல்லும் என்றது நீதிமன்றம். 1986ல்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதை மாற்றி, விடுதலையானால் பொதுவாகத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியது.

இன்னொன்று, வாழ்நாள் தடை. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் அதன்பின் ஒரு துப்பாக்கியையும் வைத்திருக்கக் கூடாது. மீறினால் 2022 முதல் 15 ஆண்டு வரை. சட்டப்படி வாங்கிய மற்ற துப்பாக்கிகளும் வீட்டை விட்டுப் போக வேண்டும். 2015ல் ஹெண்டர்சன் வழக்கில் ஒரு சின்னச் சலுகை கிடைத்தது: நீதிமன்றம் வழியாக விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ கேட்கலாம், ஆனால் அவற்றின் மேல் பழைய உரிமையாளரின் கட்டுப்பாடு துளியும் இருக்கக் கூடாது. மைத்துனர் வீட்டில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துத் துடைக்கிற ஏற்பாடு நடக்காது.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி கேட்டார்: "சார், நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா ஊருக்குப் போகும்போது தன் துப்பாக்கிப் பெட்டியையும் சாவியையும் என்னிடம் தந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

வாங்கக் கூடாது, தம்பி. தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். கையில் எடுக்க வேண்டும் என்றில்லை, சாவி உங்களிடம் இருந்தாலே வைத்திருப்பதாக வாதாடலாம். 2019ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப், படிப்பில் தோற்று மாணவர் அந்தஸ்தை இழந்தவர். சுடும் பயிற்சிக்கூடத்தில் துப்பாக்கி எடுத்ததில்தான் வழக்கு வந்தது. தன் அந்தஸ்து அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் விசா என்ன என்பது உங்களுக்குத் தெரியும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்தவும் அது தனிக் காரணம், கிரீன் கார்டு உள்ளவருக்கும் சேர்த்துத்தான். தாத்தாவை லைசென்ஸ் உள்ள கடை ஏதாவது பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.