முட்டிக்கு ஓய்வு கொடுத்தா நெஞ்சுக்கு யார் பதில் சொல்றது?

(தலைப்பு: மூட்டுவலி வந்த வயதான பெண்களுக்கு நலம் தருவது ஓய்வா, மிதமான உடற்பயிற்சியா? ‘உடற்பயிற்சியே’ அணியின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொசுக்கடியையும் பொறுத்துக்கிட்டுத் தெப்பக்குளத்துக் கரையில உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால பேசின அண்ணன் கைதட்டலை அள்ளிட்டுப் போயிட்டாரு. என்ன சொன்னாரு? "முட்டிங்கிறது டயர் மாதிரி. தேய்ஞ்ச டயரை ஓட்டாதே, வண்டியை ஓரங்கட்டு"ன்னாரு. அண்ணே, டயர் உயிரில்லாத ரப்பர். முட்டிக்குள்ள இருக்கிற குருத்தெலும்பு உயிருள்ளது. அதுக்குள்ள ரத்தக் குழாயே கிடையாது. அப்ப சாப்பாடு எங்க இருந்து வருது? மூட்டுக்குள்ள ஊறுற வழவழப்பான நீர்ல இருந்து. கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்குது, எடுக்கும்போது விரியுது. அந்த அசைவுலதான் சத்து உள்ள போகுது, கழிவு வெளிய வருது. ஓரங்கட்டின டயர் தேயாது. ஓரங்கட்டின முட்டி பட்டினி கிடக்கும். தேய்ஞ்சது திரும்ப வளர்ந்துரும்னு நான் சொல்ல வரலை. மிச்சம் இருக்கிறதுக்காவது சோறு போடுங்கன்னுதான் கேக்குறேன்.

ஆனா நடுவர் அவர்களே, என் வழக்கு முட்டியோட முடியலை. முட்டி வலிக்குதேன்னு உட்கார்ந்து, உட்கார்ந்ததால எடையும் சர்க்கரையும் பிரஷரும் ஏறி, கடைசியில நெஞ்சுல கொண்டுபோய் விட்ட கதை நம்ம ஊர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கு. உலகம் முழுக்கப் பெண்களோட உயிரை அதிகமா எடுக்கிறது மாரடைப்பும் பக்கவாதமும்தான். மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் ஆபத்து கூடுது. மூட்டுவலி முடக்குவாதமா, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குற வியாதியா இருந்துட்டா, இதய நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இவுகளைப் பார்த்துத்தான் எதிரணி "அசையாம இரு ஆத்தா"ங்குது!

உடம்பை அசைச்சா நெஞ்சுக்கு நல்லதுங்கிறதை முதல்ல கணக்குப் போட்டுக் காட்டினவர்கள்ல ஒருத்தர் ஜெரெமி மாரிஸ்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர். லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ஞ்சு 1953-ல முடிவை வெளியிட்டாரு. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டின டிரைவரைவிட, மாடிப்படி ஏறி இறங்கின கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. "அது லண்டன் ஆம்பளைக கதைதானே"ன்னு எதிரணியில முணுமுணுக்கிறது கேக்குது. சரி, நம்ம தெருவுக்கே வர்றேன்.

எங்க தெருவுல பூக்கட்டுற அக்கா ஒருத்தவுக இருக்காக. காலை மடக்கித் தரையில உட்கார்ந்தா, கூடை மல்லி முடியிற வரைக்கும் எந்திரிக்க மாட்டாக. எந்திரிக்கிறப்ப பாருங்க: இடது கை தரையில, வலது கை சுவத்துல, வாயில "முருகா". முதல் நாலஞ்சு அடி ஒரு பக்கமாச் சாய்ஞ்சு சாய்ஞ்சு வைப்பாக. வாசலைத் தாண்டித் தெருமுனைக்குப் போறதுக்குள்ள நடை நேராயிரும். அந்த விறைப்பைக் கொடுத்தது எது, எடுத்தது எது? ஆனா அந்த அக்கா என்ன நினைக்கிறாக? "நடந்தா வலிக்குது"ன்னு நினைக்கிறாக. சாயங்காலம் மருந்துக்கடையில சீட்டு இல்லாமயே ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் படுத்துடுறாக. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையை டாக்டரைக் கேக்காம நாள்கணக்கா முழுங்கினா பிரஷர் ஏறும், மாரடைப்பு அபாயமும் கூடும். ஓய்வோட பின்னாலயே வர்ற இந்த மாத்திரையைப் பத்தி எதிரணி ஒரு வார்த்தை பேசலை.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே, அதுக்கு மேல எதுக்கு?"ன்னு கேட்டாக எதிரணித் தங்கச்சி. அடுப்படியில ஒரே இடத்துல நின்னு தோசை ஊத்துறது முட்டிக்குப் பாரம். நெஞ்சுக்கு அதுல பெருசா லாபம் இல்லை. மாமியாருக்கு ஓய்வுன்னா நம்ம வீடுகள்ல என்ன அர்த்தம்? வெளிய போக வேண்டாம், காய் மட்டும் நறுக்கிக் குடுன்னு அர்த்தம். வேலைக்கு ஓய்வு குடுங்க, நான் கைதட்டுறேன். நடைக்குக் குடுக்காதீங்க.

இன்னொரு கேள்விதான் கொஞ்சம் கனமானது: "நடந்து நடந்து கால் வீங்கினவங்களை நாங்க பார்த்திருக்கோமே?" நானும் பார்த்திருக்கேன். வருசம் முழுக்க வாசப்படி தாண்டாத பெரியம்மா, சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் போறாக, மறுநாள் விடியிறதுக்குள்ள அழகர் இறங்குறதைப் பார்க்க வைகைக் கரைக்குப் போறாக. கூட்டத்துல நின்னு, நெரிபட்டு வீடு திரும்புறப்ப முட்டி பந்து மாதிரி வீங்கியிருக்கு. உடனே பேரன் தீர்ப்பு எழுதிடுறான்: "அப்பத்தா, உனக்கு நடை ஆகாது." அடுத்த சித்திரை வரைக்கும் கட்டில்தான். அடேய், தினமும் கொஞ்சம் நடந்திருந்தா தொடைத் தசை முட்டியைத் தாங்கிப் பிடிச்சிருக்குமேடா!

அதனாலதான் ‘மிதமான’ங்கிறதை இந்த அணி பிடிச்சுக்கிட்டு நிக்குது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது, 65 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிசமாவது மிதமான உழைப்பு வேணும்னு. அவ்வளவு முடியாதவங்க முடிஞ்சதைச் செஞ்சாலும் பலன் உண்டுன்னும் அதுலயே இருக்கு. காலையில பத்து நிமிசம், சாயங்காலம் பத்து நிமிசம்னு பிரிச்சு ஆரம்பிக்கலாம். வேகம் எவ்வளவு? பக்கத்துல வர்றவுககிட்ட மருமகளைப் பத்திப் பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியக்கூடாது. நடந்த பிறகு கூடின வலி ரெண்டு மணி நேரம் கழிச்சும் இறங்கலைன்னா, அடுத்த தடவை குறைச்சுக்கணும். முட்டி சிவந்து சூடா வீங்கியிருந்தா அன்னைக்கு நடை வேண்டாம். அந்த ஒருநாள் எதிரணிக்கு விட்டுத் தர்றேன். நெஞ்சு அடைச்சாலோ, தாடை, தோள்பட்டை வலிச்சாலோ, காரணமில்லாம மூச்சு வாங்கினாலோ வாய்வுன்னு சோடா குடிச்சுட்டுப் படுக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. ஏற்கெனவே இதய நோய் இருக்கிறவுக, டாக்டர்கிட்ட அளவு கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

எடை கொஞ்சம் இறங்கினா அதுவும் கூடுதல் வரவு. உடம்புல 1 கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் 4 கிலோ குறையுது.

ரோடு குண்டும் குழியும், நாய் துரத்துது, செருப்பு வழுக்குதுன்னாரு மூணாவதா பேசினவரு. அத்தனையும் உண்மை. அதுக்கு மனுக் குடுக்க வேண்டிய இடம் மாநகராட்சி. அதுவரைக்கும் வீட்டுத் தாழ்வாரமும் கை வச்ச நாற்காலியும் போதும்.

நடுவர் மணியில கை வச்சுட்டாரு. அவர் தீர்ப்புக்கு எந்திரிக்கிறதுக்குள்ள, ரெண்டு மணி நேரமாப் பிளாஸ்டிக் நாற்காலியில இருக்கிற பெரியம்மாக்கள் வலது காலை நேரா நீட்டுங்க. தொடையை இறுக்குங்க. அஞ்சு எண்ணிட்டு மெதுவா இறக்குங்க. இப்ப இடது கால். அண்ணே, நீங்களும்தான்! நன்றி, வணக்கம்.